அப்பா செய்யாமல் போன என்ஜின்

தனியாக வாழும் என் அடுக்குமாடி வீட்டில், மாடல் காரின் குட்டி என்ஜினில் கறுப்பு ஒயர்களை ஒட்டிக்கொண்டிருந்தேன். நான்காவது ஒயரைச் செருகும்போது ஜப்பான்காரன் மலாயாவை ஆண்ட காலத்துப் பினாங்கு வீடு கண்முன் வந்து நின்றது.

எனக்கு அப்போது எட்டு வயது. அப்பா மோட்டார் பட்டறை மெக்கானிக். பலகையில் எனக்கொரு சின்னக் கார் செய்து தந்தார். முன்மூடியைத் திறந்தால் உள்ளே ஒன்றுமில்லை.

“என்ஜின் எங்கப்பா?”

“நாளைக்குச் செஞ்சு தர்றேன்லா, தங்கம்.”

மறுநாள் பட்டறைக்குப் போனவரை, ரயில் பாதை வேலைக்கான லாரிகளைப் பழுதுபார்க்க ஜப்பான்காரர்கள் சயாமுக்கு, இன்றைய தாய்லாந்துக்கு, கொண்டுபோய்விட்டார்கள்.

அம்மா மரவள்ளிக்கிழங்கு தேடி அலைந்த பகல்களில் நான் வீட்டில் தனியாக இருப்பேன். பட்டறையில் பார்த்ததை யோசித்து யோசித்து நானே என்ஜின் செய்தேன். பால் டின் தகரத்தை வளைத்தேன், நான்கு சட்டைப் பொத்தான்களை ஸ்பார்க் பிளக் ஆக்கினேன், ஒவ்வொன்றுக்கும் ஒரு நூல் கட்டினேன். எந்த நூல் எங்கே போகிறது என்று அப்பாவிடம் சொல்வதுபோல் சத்தமாகச் சொல்லிப் பார்த்துக்கொள்வேன்.

ஜப்பான் சண்டை முடிந்தபின் ஒரு நாள், அப்பாவோடு போன முத்து மாமா மட்டும் எலும்பும் தோலுமாக வந்து நின்றார். அம்மா வீட்டில் இல்லை. காரைத் திறந்து காட்டினேன்.

“இதெல்லாம் நீயா செஞ்ச, பாப்பா?”

“ஆமா மாமா. அப்பா எப்ப வருவாரு?”

அவர் குனிந்து, தளர்ந்திருந்த ஒரு நூலை இழுத்துக் கட்டினார். அம்மா வந்த பிறகே, அப்பா சயாமில் காய்ச்சலில் இறந்துவிட்டதைச் சொன்னார். அதுவரை தலை நிமிராமல், தளராத நூல்களையும் அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்.