குழாய்க்குப் பதிலாக வந்த மைதானம்

குற்றாலத்தில் யார் எண்ணெய் தேய்த்துக் குளித்தாலும் அந்த எண்ணெய் கடைசியில் எங்கள் குடத்துக்கு வந்து சேரும். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே சிற்றாற்றை ஒட்டிய ஊரில்தான் நான் வாழ்க்கைப்பட்டேன். ஆனி, ஆடியில் சாரல் தொடங்கிவிட்டால் மதுரையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் ஜனங்கள் வந்து அருவிக்கடியில் நிற்பார்கள். உடம்பு முழுக்க எண்ணெய், தலை நிறையச் சீயக்காய். அவர்களுக்குச் சூடு தணியும். எங்களுக்கு ஆற்றுத் தண்ணீரின் மேல் பளபளவென்று ஒரு படலம் வந்து நிற்கும். அதனால் சீசன் முடிகிற வரைக்கும், அருவிக்கு வந்தவர்கள் எழுந்திருக்கும் முன்னால் கருக்கலில் போய்த் தண்ணீர் மொண்டு வந்துவிட வேண்டும். வீட்டில் கிணறு இல்லாமல் இல்லை. அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. மாட்டுக்கு வைக்கலாம், மாடும் வேண்டாவெறுப்பாகத்தான் குடிக்கும்.

இதற்கெல்லாம் மருந்தாக ஒரு குழாய் வரப்போகிறது என்று நான் கல்யாணமாகி வந்த நாள்முதல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஊருக்கு மேற்கே மேட்டில் தொட்டி கட்டி, குளிக்கிறவர்கள் கால் வைக்காத ஓடையிலிருந்து தண்ணீர் பிடித்து, எங்கள் தெருமுனை வரைக்கும் கொண்டுவருவதாக ஏற்பாடு. அதற்கென்று வீட்டு வரியோடு சேர்த்துக் கூடுதலாக வசூலும் செய்தார்கள். ஆற்றுப்படியில் பெண்கள் பேசுவதெல்லாம் அந்தக் குழாயைப் பற்றித்தான். முனையில் வைப்பார்களா, நடுத்தெருவிலா? காலையில் மட்டும் வருமா, சாயங்காலமும் வருமா? பிள்ளை பெறும் முன்னே பேர் வைத்த கதைதான்.

இரண்டாவது யுத்தம் வருவதற்குச் சில வருஷங்கள் முந்தி, எங்கள் பஞ்சாயத்து போர்டுத் தலைவர் வெளியூரில் எங்கோ ஒரு கால்பந்தாட்டப் போட்டியைப் பார்த்துவிட்டு வந்தார். வந்தவர் சும்மா இருக்கவில்லை. சீசனுக்கு வரும் ஜனம் நாள் முழுக்க அருவியிலேயே நிற்குமா, சாயங்காலம் பொழுது போக வேண்டாமா, நம் ஊரில் ஒரு பெரிய மைதானமும் வருஷா வருஷம் ஒரு கோப்பைப் போட்டியும் இருந்தால் அத்தனை பேரும் இங்கே வந்து காசை இறைத்துவிட்டுப் போக மாட்டார்களா என்று கூட்டம் போட்டுக் கேட்டார். குழாய்க்குச் சேர்த்த பணத்தில் மைதானம் கட்டலாம் என்பவர்கள் கை தூக்குங்கள் என்றார். கூட்டத்தில் ஆண்கள் மட்டும்தான். ஆற்றுக்கு அக்கரையில் குடியிருந்தவர்களில் ஆண்களைக்கூட அழைக்கவில்லை.

என் வீட்டுக்காரருக்கு ஊர் முனையில், பஸ் நிற்கும் இடத்தில் ஒரு பலசரக்குக் கடை. பாளையங்கோட்டையில் ஒரு வருஷம் படித்தபோது பந்து விளையாடிக் கால் கட்டைவிரலை உடைத்துக்கொண்டவர். அந்த விரலைப் பற்றிப் பேசும்போது அவர் முகத்தில் வரும் பெருமையை எங்கள் கல்யாணத்தன்றுகூட நான் பார்க்கவில்லை. கூட்டம் முடிந்து அன்றைக்குத் துள்ளிக்கொண்டு வந்தார்.

"அப்போ குழாய் எங்க போச்சு?" என்று கேட்டேன்.

"எங்கயும் போகல. கொஞ்சம் தள்ளிப் போட்டிருக்கு. மைதானத்துல வர்ற வருமானத்துல குழாய் தன்னால வந்துரும்."

"நீங்களும் கை தூக்கினீங்களா?"

"எல்லாரும் தூக்கினாங்க."

"கை தூக்கின ஆம்பளைங்கள்ல ஒருத்தராவது குடம் தூக்கியிருப்பாங்களா?"

அவர் சிரித்துவிட்டுக் காப்பி கேட்டார். அந்தக் காப்பிக்கும் தண்ணீர் ஆற்றிலிருந்துதான் வந்திருந்தது. போட்டுக் கொடுத்தேன், வேறென்ன செய்ய.

மைதானம் வளர்ந்தது. சுற்றுச்சுவர், ஒரு பக்கம் கல்லால் படிப்படியாகக் கேலரி, பெரிய மனிதர்கள் உட்கார ஓடு வேய்ந்த ஒரு மண்டபம். சாயங்காலமானால் ஊர் ஆண்களெல்லாம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சொந்த வீடு கட்டுகிற மாதிரி அதைப் பார்க்கப் போய்விடுவார்கள். என் வீட்டுக்காரர் கடைக்குச் சோடாவும் கலரும் பெட்டி பெட்டியாக வாங்கி அடுக்கினார். பொய் சொல்வானேன், எனக்கும் அப்போது சபலம் தட்டியது. நாலு காசு வந்தால் தெருக்காரர்களே சேர்ந்துகூட ஒரு குழாய் போட்டுவிடலாம் என்று ஆற்றுப்படியில் நானே பேசியிருக்கிறேன்.

முதல் போட்டியை ஆடியில் வைத்தார்கள். சீசன் அப்போதுதானே. அதில் ஒரு சங்கதியை ஊரில் ஒருவருமே யோசிக்கவில்லை. சாரல் விழுந்தால் ஜனம் வரும், மைதானம் சேறாகும். சாரல் பொய்த்தால் மைதானம் காயும், ஜனம் வராது. நாற்று நட்டுப் பிழைக்கிற ஊர். எந்த மாதத்தில் எந்த மண் எப்படி இருக்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவார்கள். பந்து என்றதும் அத்தனை புத்தியும் மழுங்கிப் போயிற்று.

அதற்கும் முன்னால் இன்னொரு வினை வந்தது. வெளியூர் ஆட்டக்காரர்களை எங்கே தங்க வைப்பது? சீசனில் குற்றாலத்தில் ஒரு அறைக்குச் சொல்லும் வாடகையைக் கேட்டால் தலை சுற்றும். போர்டில் இருந்த பணமெல்லாம் கேலரிக்குப் போய்விட்டது. கடைசியில் வீட்டுக்கு இரண்டு மூன்று பேராகத் தெருவில் பங்கு வைத்தார்கள். விருந்தோம்பலில் நம் ஊரை அடிக்க ஆளில்லை என்று தலைவர் வீடு வீடாக வந்து சொல்லிவிட்டுப் போனார். அவர் வீட்டில் தண்ணீர் எடுக்க இரண்டு ஆள் உண்டு.

எங்கள் வீட்டுக்குத் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து மூன்று வாலிபர்கள் வந்தார்கள். நல்ல பிள்ளைகள், மரியாதை தெரிந்தவர்கள். வந்தவுடனே என்னை மதினி என்று கூப்பிட்டார்கள். பசிதான் தாங்க முடியவில்லை. உலை வைத்த பானை இறங்குவதற்குள் அடுத்த உலை வைக்க வேண்டியிருந்தது. சாரலில் விறகு நனைந்து புகைந்து கண்ணைப் பிடுங்கியது. சமையல்கூடப் போகட்டும். ஆடிவிட்டு வரும்போது தலைமுதல் கால்வரை சேறு. வாசலில் வந்து நின்றால் கண் எது, மூக்கு எது என்று தெரியாது. கிணற்றுத் தண்ணீரில் சோப்பு போட்டால் சேறு பரவியதே தவிரப் போகவில்லை. "மதினி, ஆத்துத் தண்ணி கொஞ்சம் கெடைக்குமா?" என்பார்கள். மூன்று பேர் குளிக்க, மூன்று பேர் துணி அலச ஆற்றுத் தண்ணீர்.

நான் அப்போது முழுகாமல் இருந்தேன். குடம் தூக்காதே, இடுப்பில் பாரம் வைக்காதே என்று மருத்துவச்சி சொல்லியிருந்தாள். அதற்கு முந்தினது தங்கவில்லை. அதை நினைத்துத்தான் அவள் அத்தனை கண்டிப்பாகச் சொன்னாள். மாமியாருக்கு முட்டுவலி, படி இறங்க முடியாது. வேலைக்கு ஆள் வைத்துக்கொள்ளும் அளவுக்குக் கடை ஓடவில்லை. பின்னே யார் தூக்குவது? என் வீட்டுக்காரரோ காலையிலேயே கமிட்டி வேலை என்று மைதானத்துக்குப் போய்விடுவார். அங்கே அவருக்கு என்ன வேலை என்றால், எல்லைக் கோட்டுக்குச் சுண்ணாம்பு போடுவது. மழையில் கரையும், திரும்பப் போடுவார்.

ஒருநாள் பக்கத்து வீட்டு மதினியோடு நானும் போய்ச் சுவர் ஓரத்தில் நின்று பார்த்தேன். மைதானம் நாற்றங்கால்தான். பந்து விழுந்த இடத்தில் பதிந்து கிடந்தது, அதைச் சுற்றி ஆட்கள் வழுக்கி விழுந்தார்கள். கேலரியில் இருந்த முகங்களைப் பார்த்தேன். மதுரைக்காரனும் இல்லை, திருநெல்வேலிக்காரனும் இல்லை. எல்லாம் எங்கள் ஊர், பக்கத்து ஊர், தென்காசிச் சந்தையில் பார்க்கிற அதே முகங்கள். வெளியூர் ஜனம் ஏறிய பஸ்கள் சுவரை ஒட்டியே குற்றாலத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. ஒன்றுகூட நிற்கவில்லை. குளிக்க வந்தவன் குளித்துவிட்டுச் சாப்பிட்டுப் படுத்துக்கொண்டான். எவனோ இருபத்திரண்டு பேர் சேற்றில் புரள்வதை நனைந்துகொண்டு பார்க்க அவனுக்கு என்ன தலையெழுத்து?

கடலை விற்ற அண்ணாச்சியிடம் வியாபாரம் எப்படி என்று கேட்டேன். "சந்தையில வாங்குதவன் இங்கன வாங்குதான், அவ்வளவுதான் தாயி. சந்தைக்கு இந்த வாரம் போனா ஈ ஓட்டணும்" என்றார். அவர் சொன்னதைத்தான் வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர் கேட்கவில்லை. சாரலில் நடுங்கிக்கொண்டு யார் சோடா குடிப்பார்கள்? பெட்டிகள் அடுக்கியது அடுக்கியபடி இருந்தன. சுக்குக் காப்பி போட்டு விற்றவள்தான் நாலு காசு பார்த்தாள். ஆனால் ஊரின் பேர் பேப்பரில் வந்துவிட்டது என்று இவருக்கு வாயெல்லாம் பல். "பேரு பெத்த பேரு, தாக நீலு லேது" என்று எதிர்வீட்டு அம்மாள் தெலுங்கில் சொன்னாள். பேர் பெரிய பேர், குடிக்கத் தண்ணீர் இல்லை என்று அர்த்தம். தெலுங்கு தெரியாத எங்களுக்கும் அன்றைக்கு அது நன்றாகவே புரிந்தது.

கடைசி ஆட்டத்துக்கு முந்தின நாள் காலையில் எனக்கு இடுப்பில் சுருக்கென்று ஒரு வலி வந்தது. பாதிக் குடத்தோடு படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். வலி போய்விட்டது, பயம் போகவில்லை. வீட்டுக்கு வந்தால் மூன்று பேரும் துண்டும் கையுமாக நிற்கிறார்கள். எனக்குக் கோபம் வந்தது என்று சொன்னால் போதாது. அந்தப் பிள்ளைகள் மேல் இல்லை, கை தூக்கிய அத்தனை பேர் மேலும் வந்தது. மூன்று பித்தளைக் குடங்களை எடுத்து வந்து அவர்கள் முன்னால் வைத்தேன்.

"தம்பிகளா, தண்ணி ஆத்துல இருக்கு. குடம் இங்கன இருக்கு. எனக்கு முடியல" என்றேன்.

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதில் உயரமானவன் கோல் காப்பவன். அவன்தான் முதலில் குனிந்து குடத்தை எடுத்தான். "மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா மதினி?" என்றான். பந்தைப் பிடிப்பது போல நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டு வந்தான். பாதித் தண்ணீர் அவன் மேலேயே கொட்டியது.

பக்கத்து வீட்டு மதினி இதைப் பார்த்தாள். அவள் வீட்டுக் குடமும் வெளியே வந்தது. அப்புறம் எதிர்வீடு. சற்று நேரத்தில் அரைக்கால் சட்டை போட்ட ஆட்டக்காரர்கள் தோளில் குடத்தோடு தெரு நெடுகப் போவதும் வருவதுமாக இருந்தார்கள். எதிரெதிர் அணிக்காரர்கள் ஒருவர்மேல் ஒருவர் தண்ணீரைத் தெளித்துக்கொண்டு சிரித்தார்கள். ஊர் ஆண்கள்தான் சிரிக்கவில்லை. தலைவரின் வில்வண்டி வந்தது. அவர் இறங்காமல் பார்த்துவிட்டு அப்படியே திருப்பிக்கொண்டு போனார். என் வீட்டுக்காரர் ஓடி வந்தார்.

"ஏட்டி, வீட்டுக்கு வந்த விருந்தாளிய தண்ணி சொமக்க வச்சிருக்கியே. ஊரு மானம் போச்சு."

"நான் சொமந்தப்போ போகலியா?" என்று கேட்டேன்.

அதற்கப்புறம் பல நாள் அவருக்கு என்னோடு பேச்சே இல்லை. எனக்கு அது பெரிய கஷ்டமாகவும் இல்லை. ஊர் பார்த்துவிட்டது, தலைவரும் பார்த்துவிட்டார், இனிமேல் குழாய் வராமல் போகாது என்று நான் தெம்பாக இருந்தேன். ஆற்றுப்படியிலும் அதே பேச்சுதான். என்னைப் பார்த்ததும் பெண்கள் இடம் விட்டு ஒதுங்கி, நீ முதலில் மொண்டுகொள் என்றார்கள்.

போட்டி முடிந்து மறுபடியும் கூட்டம் போட்டார்கள். என் வீட்டுக்காரர் வரும்போதே முகம் மலர்ந்திருந்தது. அத்தனை நாள் கழித்து அவரே வந்து பேசினார்.

"நல்ல சேதி கேட்டியா? இனிமே ஒருத்தனும் நம்ம வீட்டுல வந்து தங்க மாட்டான். மைதானத்துக்குப் பின்னாலயே ஆட்டக்காரங்களுக்குன்னு கட்டடம் கட்டப் போறோம். குழாயும் பாஸாயிட்டு."

நான் எழுந்துவிட்டேன். "குழாயா? எங்கன வருது?"

"கட்டடத்துக்குத்தான். அவங்க குளிக்கதுக்கு. மேட்டுல தொட்டி கட்டி, பைப்பு நம்ம தெரு வழியாத்தான் போகுது."

"தெருவுல ஒரு திருகுக் குழாய் வச்சா என்ன?"

"வச்சா அங்கன வேகம் கொறஞ்சிரும்னு ஓவர்சியர் சொல்லுதாரு." பிறகு கொஞ்சம் தணிந்த குரலில் சொன்னார். "ஒனக்காகத்தான் பேசினேன். இந்த நெலையில நீ கெடந்து கஷ்டப்படுதேன்னு மொத ஆளா நாந்தான் கை தூக்கினேன்."

அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் கள்ளமே இல்லை. நான் சந்தோஷப்பட்டு ஒரு வார்த்தை சொல்லுவேன் என்று காத்துக்கொண்டு நின்றார். பொய் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

கட்டடத்தைக் கட்டினார்கள், குழாயும் வைத்தார்கள். போட்டி இன்னும் இரண்டு மூன்று ஆடி நடந்தது. யுத்தம் வந்ததும் நின்றுபோய், கட்டடம் பூட்டிக் கிடந்தது. கேலரிக் கல்லில் நாங்கள் வறட்டி தட்டிக் காயப்போட்டோம். பைப்பு மட்டும் எங்கள் வாசலுக்கு நேரே, முழங்கால் ஆழத்தில் மண்ணுக்குள் கிடந்தது. எனக்கு மகள் பிறந்தாள். இடுப்பில் சின்னக் குடம் நிற்கும் வயது வந்ததும், அவளும் அந்தப் பைப்பின் மேல் நடந்துதான் என்னோடு ஆற்றுக்கு வந்தாள்.