நைலான் கயிற்றில் ஒரு மஞ்சள் மக்

சுண்ணாம்பாற்றங்கரையில் எங்கள் படகுக் கொட்டகையின் முன்கம்பத்தில் ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் மக் தொங்குகிறது. குளியலறை வாளிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய சாதாரண மக்தான். கைப்பிடியில் நீளமாக ஒரு நைலான் கயிறு கட்டியிருக்கும். வெளியூரிலிருந்து கயாக் என்னும் சிறு துடுப்புப் படகை ஓட்ட வருபவர்கள் இதைப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். ஏதோ வேண்டுதல் என்று நினைத்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டவர்களும் உண்டு. நான் தடுப்பதில்லை. கும்பிடத் தகுந்த மக்தான் அது.

அது என் அண்ணியுடையது. அண்ணன் பிரான்சுக்குப் போய் ஒரு ஓட்டல் சமையலறையில் சேர்ந்துவிட்டார். அண்ணியின் விசா காகிதங்கள் மட்டும் வருவேனா என்று இழுத்தடித்தன. அந்தக் காத்திருப்பில் சும்மா உட்கார மனமில்லாமல் என்னோடு சேர்ந்து அவர் தொடங்கியதுதான் இந்தக் கயாக் கடை. அதற்கு முன் சேதராப்பட்டில் பாட்டில் மூடி செய்யும் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தார். அங்கே மூன்றே வார்த்தைகள்தான். பாஸ், ரிஜெக்ட், சந்தேகம் இருந்தால் ஹோல்ட். வேலையை விட்டார், வார்த்தைகளை விடவில்லை. மூடிக்குச் சொன்னதை ஆற்றுக்குச் சொல்ல ஆரம்பித்தார்.

காலையில் வந்ததும் மக்கில் பாதி தண்ணீர் மொண்டு, துறைப் பலகையிலிருந்து ஆற்றில் விடுவார். காலி மக் காற்று சொல்வதைக் கேட்கும், பாதி நிறைந்த மக் தண்ணீர் சொல்வதைத்தான் கேட்கும் என்பது அவர் கணக்கு. கயிற்றை ஆள்காட்டி விரலில் ஒரு சுற்று சுற்றிக்கொண்டு, வாயில் பன்னை மென்றபடி நிற்பார். தண்ணீரின் நிறம் பார்ப்பார். மேலேயிருந்து ஆகாயத்தாமரை கூட்டமாக மிதந்து வருகிறதா என்று பார்ப்பார். கூடையோடு பஸ்ஸுக்குப் போகும் மீன்காரப் பெண்களை நிறுத்தி, ஆறு கடலில் சேரும் இடத்தில் மணல் அடைத்திருக்கிறதா, உடைந்து திறந்திருக்கிறதா என்று விசாரிப்பார். அதற்குப் பிறகுதான் தீர்ப்பு. விடுமுறை நாளில் கரை கொள்ளாத கூட்டம் நிற்கும்போது "தம்பி, இன்னைக்கு ஆறு ரிஜெக்ட்" என்று சொல்லிவிட்டு அவர் நிம்மதியாகத் தேநீர் குடிப்பதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வந்தவர்களிடம் வழிந்து வழிந்து சமாதானம் சொல்வது என் பாடு.

அந்த மக்கிடம் என் கல்யாணமே போய் மாட்டிக்கொண்டது. நெல்லித்தோப்பில் ஒரு பெண். வீட்டில் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது, அவளுக்கும் என்னைப் பிடித்திருந்தது. அவள் அப்பாவுக்குத்தான் மனம் ஒப்பவில்லை. பஞ்சாலையில் நூற்புப் பிரிவில் காலமெல்லாம் உழைத்து ஓய்வு பெற்றவர். படகை வாடகைக்கு விடுவதெல்லாம் ஒரு வேலையா என்பது அவர் கேள்வி. நேரில் பார்த்துவிட்டுப் பதில் சொல்கிறேன் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளோடு கொட்டகைக்கே வந்துவிட்டார். அவளுக்குக் கயாக்கில் ஏறிப் பார்க்க வேண்டும் என்று கொள்ளை ஆசை. நான் விடிவதற்குள் வந்து இரண்டு படகுகளைத் தேய்த்துக் கழுவி வைத்திருந்தேன்.

வெயில் பளிச்சென்று இருந்தது. ஆறு சுருக்கமில்லாமல் கிடந்தது. நான் உயிர்காப்புச் சட்டையை அவளிடம் நீட்டும்போது துறைப் பலகையிலிருந்து அண்ணியின் குரல் வந்தது. "ஹோல்ட்." பக்கத்தில் போய், "அண்ணி, இன்னைக்கு ஒரு நாள்" என்று கெஞ்சினேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "விழுப்புரம் பக்கம் மழ பேஞ்சிருக்குது. முகத்துவாரம் தொறந்து கெடக்குது. கடலு வேற வத்துது. மேல அசையாது, அடியில இழுக்குது. ஏத்த மாட்டேன்."

அவள் அப்பாவின் முகம் மாறிவிட்டது. "ஏம்மா, கண்ணாடி மாதிரி கெடக்குற தண்ணிய பாத்து பயந்தா எப்படி பொழப்பு நடத்துவீங்க?" என்று கேட்டார். அன்றே எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அண்ணி கோபிக்கவில்லை. விரலிலிருந்த கயிற்றைக் கழற்றி, "நீங்களே புடிச்சி பாருங்கய்யா" என்று அவரிடம் கொடுத்தார். அவர் வேண்டா வெறுப்பாகத்தான் வாங்கினார். ஆனால் வாங்கிய விதத்தில் எனக்கு அவருடைய பழைய வேலை தெரிந்தது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நூலைப் பிடிப்பதுபோல் பட்டும் படாமலும் பிடித்தார். அறுந்துபோகும் இழையை அறுவதற்கு முன்பே உணர்ந்த விரல்கள் அவை. கொஞ்ச நேரம் அசையாமல் நின்றார். மக் மெதுவாகக் கடல் பக்கம் போனது, கயிறு விறைத்தது. "இழுவ இருக்குது" என்றார். அவ்வளவுதான். கயிற்றைத் திருப்பித் தரவும் இல்லை.

கடல் ஏறத் தொடங்கினால் ஆறு தளரும் என்று அண்ணி சொல்ல, நாங்கள் மரத்தடியில் காத்திருந்தோம். அண்ணி எலுமிச்சை சாதமும் அப்பளமும் பரிமாறினார். அவளும் நானும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தபடி பேசிக்கொண்டிருந்தோம். வந்ததும் படகில் ஏறிப் போயிருந்தால் அவ்வளவு பேசியிருக்க மாட்டோம். அவள் அப்பா சாப்பாட்டுக்கு நடுவிலும் எழுந்து எழுந்து போய், பலகையில் கட்டிவைத்த கயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார். வெயில் சாய்ந்தபோது மக் பலகையடியிலேயே ஆடிக்கொண்டு நின்றது. அவர் அண்ணியைப் பார்த்தார். அண்ணி கயிற்றைத் தொட்டுவிட்டு "பாஸ்" என்றார். கரையோரமாகவே நாங்கள் இருவரும் ஒரு சுற்று போய் வந்தோம். திரும்பி வந்தபோது அவள் அப்பா என்னிடம் அல்ல, அண்ணியிடம்தான் சொன்னார். "ஒன்ன மாதிரி ஆளு இருக்குற எடத்துல எம் பொண்ண உடலாம்மா." என்னை நம்பி அல்ல, அண்ணியை நம்பித்தான் பெண் கொடுத்தார் என்பதில் எனக்கு இன்றுவரை வருத்தம் கிடையாது.

கல்யாணம் முடிந்து சில மாதங்களில் அண்ணிக்குக் காகிதங்கள் வந்துவிட்டன. கயிறு என் மனைவியின் விரலுக்கு வந்தது. எனக்கு யாரும் கொடுக்கவில்லை. நான் கேட்கவும் இல்லை. கூட்டத்தைப் பார்த்தால் இளகிவிடுவேன் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

போன மாதம் அண்ணி ஊருக்கு வந்திருந்தார். உறவு, விருந்து, கோயில் என்று நாட்கள் ஓடிவிட்டன. இரவு விமானம் ஏற வேண்டிய நாளில்தான் ஆற்றுக்கு வர முடிந்தது. இங்கே இருந்த வருடங்களில் ஊராரை ஏற்றி அனுப்பினாரே தவிர, அவர் ஒருநாளும் ஆற அமர ஓட்டியதில்லை. இந்த முறை ஒரு சுற்று போயே தீருவேன் என்று உயிர்காப்புச் சட்டையை மாட்டிக்கொண்டு நின்றார். என் மனைவி துறைப் பலகையில் கயிற்றோடு வெகுநேரம் நின்றாள். பிறகு திரும்பி, "ஹோல்ட்க்கா" என்றாள். அண்ணி போய்க் கயிற்றை வாங்கிப் பார்த்தார். "எனக்கு பாஸ் மாதிரிதான் தெரியுது." என் மனைவி தலையை ஆட்டினாள். "எனக்கு அப்படி தெரியலக்கா. மன்னிச்சுக்குங்க."

அண்ணி கயிற்றை அவளிடமே கொடுத்தார், அவள் அதைப் பலகையில் கட்டினாள். மரத்தடியில் உட்கார்ந்து தேநீர் குடித்தோம். ஆறு தளரவில்லை, சென்னைக்குப் போகும் கார் வந்துவிட்டது. அண்ணி சட்டையைக் கழற்றி அதன் கொக்கியில் மாட்டினார். பலகைக்குப் போய் மக்கை இழுத்து, தண்ணீரை ஆற்றிலேயே கொட்டி, கயிற்றைச் சுருட்டிக் கம்பத்து ஆணியில் தொங்கவிட்டார். காரில் ஏறும்போது என் மனைவியின் கையைப் பிடித்து ஆள்காட்டி விரலைத் தடவிப் பார்த்தார். கயிறு அழுத்திய தடம் அதில் சிவப்பாக இருந்தது. "அடுத்த தடவ மொத நாளே வந்துடுறேன்" என்றார். தனக்கே ஹோல்ட் சொன்னவளைப் பார்த்த அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை.