கப்பலில் வந்த ஓரை

என் அக்கா இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அவள் இருந்தவரை இதை எழுத எனக்குத் துணிவு வரவில்லை. எழுதியிருந்தால் படித்துவிட்டு, "இதெல்லாம் ஒரு விஷயமாடா" என்றிருப்பாள். அப்படிச் சொல்லிவிடுவாளோ என்றுதான் பயம்.

எழுபதுகளின் தொடக்கம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தியாகராய நகரில் சின்னதாக ஜவுளிக்கடை வைத்திருந்தார் அப்பா. பஞ்சாங்கம் பார்க்காமல் முடிகூட வெட்டிக்கொள்ள மாட்டார். அதிலும் ஓரை முக்கியம். ஒவ்வொரு மணி நேரத்தையும் ஒரு கிரகம் ஆள்கிறது, அந்த மணிக்குத்தான் ஓரை என்று பெயர். புதுச் சரக்கைப் பிரிக்கச் சுக்கிர ஓரை. சனி ஓரையில் வாடிக்கையாளர் வந்தால் முகம் கொஞ்சம் சுருங்கும், வியாபாரத்தை மட்டும் நிறுத்த மாட்டார்.

அந்த வருடம் அக்கா பள்ளி இறுதித் தேர்வில் தேறியிருந்தாள். மயிலாப்பூரில் ஒரு பெண்கள் கல்லூரியின் விண்ணப்பத்தை வாங்கிப் பூர்த்தி செய்து வைத்திருந்தாள். அப்பாவின் கையெழுத்துதான் பாக்கி. "பாப்போம், பாப்போம்" என்று மூன்று வாரம் ஓட்டியவர், அம்மா நச்சரித்த பிறகு நாள் குறித்தார். வியாழக்கிழமை, பகல் ஒரு மணி, குரு ஓரை. ஒன்றரைக்கு ராகு காலம் தொடங்கிவிடும். அந்த அரை மணிக்குள் கையெழுத்து. அன்று நான்கு மணிக்குள் விண்ணப்பம் கல்லூரியில் இருக்க வேண்டும் என்பது பெரியவர்களுக்குத் தெரியும். எனக்குப் பத்து வயது. யாரும் சொல்லவில்லை.

அக்காவுக்கு ஒரு கிறுக்கு உண்டு. கடையில் கழித்துப் போட்ட, துணி மாதிரிகள் ஒட்டிய புத்தகத்தில், ஒவ்வொரு துண்டுத் துணிக்குப் பக்கத்திலும் வெளியிலிருந்து தமிழுக்கு வந்த சொல் ஒன்றை எழுதி வைப்பாள். சாவி, மேசை, ஜன்னல் எல்லாம் போர்த்துகீசியரோடு வந்தவை. வக்கீலும் வசூலும் அரபு. கிளை நூலகத்தில் உட்கார்ந்து தேடிப் பிடிப்பாள். அந்தப் புதன்கிழமை மாலை நூலகத்திலிருந்து ஏறக்குறைய ஓடி வந்து, என்னைப் பின்கட்டுக்கு இழுத்துப் போனாள்.

"ஓரைங்கிறது கிரேக்கச் சொல்லுடா! ஹோரா. அவங்க மணிக்கு அப்படித்தான் சொல்லுவாங்க. கேந்திரமும் அங்கேருந்து வந்ததுதான். அப்பா 'கேந்திரத்துல குரு'ங்காரே, அதுல பாதி கிரேக்கம். கப்பல்ல வந்தவங்க என்னைக்கோ போயிட்டாங்க. சொல்லு போகல பாரு, நம்ம வீட்டுலயே தங்கிட்டு."

நெடுநாள் காணாத சொந்தக்காரர் வந்துவிட்டதைப் போல இருந்தது அவள் முகம். பிறகு என் காதைப் பிடித்தாள். "அப்பாட்ட உளறிராத. கையெழுத்து ஆகட்டும். பொறவு நானே சொல்லுதேன். சந்தோசப்படுவாரு."

மறுநாள் ஊரிலிருந்து மாமா வந்திருந்தார். அம்மாவின் தம்பி. எதற்கும் கூரை அதிரச் சிரிப்பவர். அவரைச் சிரிக்க வைத்துவிட்டால் அன்று முழுக்க எனக்குத் தலைகால் புரியாது.

மணி ஒன்று அடித்தது. அப்பா சாப்பிட்டுக் கைகழுவி, திருநீறு பூசி, விண்ணப்பத்தை முன்னால் வைத்துப் பேனா மூடியைக் கழற்றினார். வாசலில் அக்கா சொல்லி வைத்திருந்த ரிக்‌ஷா நின்றது.

"கையெழுத்துக்குமா ஓரை, அத்தான்?" என்றார் மாமா.

"நம்ம முன்னோர் கண்ட கணக்கு மாப்ள. வெள்ளக்காரனுக்கு ஏது ஓரை?"

"ஓரையே வெள்ளக்காரன் வார்த்தைதாம்ப்பா," என்றேன்.

மாமா வெடித்துச் சிரித்தார். "போச்சு! சோலி முடிஞ்சுது அத்தான்!"

அப்பா சிரிக்கவில்லை. "யாருல சொன்னது?"

இதுவரை நடந்ததைச் சிறுபிள்ளைத்தனம் என்று விட்டுவிடலாம். அடுத்ததை அப்படி விட முடியவில்லை. மாமா இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் கொஞ்சம் வேண்டியிருந்தது. "அக்காதான். உங்க பஞ்சாங்கமே கப்பல்ல வந்த சரக்குன்னு சொல்லிச் சிரிச்சா," என்றேன்.

அவள் அப்படிச் சொல்லவுமில்லை, சிரிக்கவுமில்லை.

"நான் சிரிக்கலப்பா," என்றாள் அக்கா, மெதுவாக.

அப்பா என்னைப் பார்த்தார். "சிரிச்சாளா, இல்லையா?"

அக்காவும் என்னைப் பார்த்தாள். நான் மேலே சுழன்ற காற்றாடியைப் பார்த்தபடி, ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

பேனா மூடியைத் திருகினார் அப்பா. "ஸ்கூலு முடிச்சதுக்கே பெத்தவனப் பாத்துச் சிரிக்கா. காலேஜுக்கு வேற போகணுமாக்கும்." மாமா பதறிப்போய், "விடுங்க அத்தான், சின்னப்பய ஏதோ..." என்று ஆரம்பித்தார். முதலில் சிரித்தவர் அவர். அவர் பேசப் பேச அப்பாவின் முகம் இறுகியது. அம்மா அடுக்களை வாசலோடு நின்றுவிட்டாள். கடிகாரத்தில் ஒன்றரை ஆனதும் அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார்.

ரிக்‌ஷாக்காரர் எட்டிப் பார்த்தார். "இன்னா நைனா, அக்கா வர்தா இல்லியா? எம்மா நேரம் வெயில்ல நின்னுகினு கீறேன்!"

வரவில்லை என்று நான்தான் போய்ச் சொன்னேன்.

அடுத்த தை மாதம் அக்காவுக்குக் கல்யாணம் ஆனது. நான் மொழியியல் படித்தேன். கிரேக்கச் சொற்கள் நம்மிடம் வந்து சேர்ந்த கதையைக் கல்லூரியில் முப்பது வருடம் பாடமாக நடத்தினேன். வகுப்பில் ஓரை என்ற சொல் வரும் நாளில் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வேன். அந்தச் சொல்லை எங்கே படித்தேன் என்று எந்த மாணவரும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

அந்த வியாழக்கிழமை மத்தியானம் பின்கட்டுக் குழாயடியில் அக்கா மாமாவின் எச்சில் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் போய்க் குந்தினேன்.

"நாளைக்கும் குரு ஓரை வரும்லாக்கா? அப்ப கையெழுத்து வாங்கிக்கிடலாம்லா?"

தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஈரக் கையால் என் தலைமுடியைக் கலைத்தாள்.

"வரும்டா. தினமும் வரும். நீ போய் வெளையாடு."

நான் எழுந்து ஓடினேன். அந்த வீட்டில் அன்று யாரை யார் தேற்ற வேண்டியிருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. சாயங்காலம் வரை தெருவில் பம்பரம் விட்டேன்.