சலூன்காரர் கணக்குப் படிக்கப் போன கதை

நாற்பத்தைந்து வயதில் கணக்குப் பாடம் படிக்கும் தலைவிதி சலூன்காரருக்கு வந்ததற்குக் காரணம் அவருடைய கால்கள். இருபத்திரண்டு வருஷம் நின்றுகொண்டே முடி வெட்டியதில் கெண்டைக்கால் நரம்புகள் கோபித்துக்கொண்டு சுருண்டுவிட்டன. டாக்டர் ஒரு விரலால் அமுக்கிப் பார்த்தார். சலூன்காரர் போட்ட சத்தத்தில் வெளியே காத்திருந்த இரண்டு பேர் எழுந்து வீட்டுக்கே போய்விட்டார்கள்.

"நின்னுக்கிட்டே செய்யற வேலைய விட்டுடுங்க. இல்லேன்னா இன்னும் ஒரு வருஷத்துல ஆபரேஷன்தான்" என்றார் டாக்டர்.

உட்கார்ந்துகொண்டு முடி வெட்ட முடியாதா என்று கேட்பீர்கள். அதையும் செய்து பார்த்தார். சக்கரம் வைத்த ஸ்டூல் ஒன்றில் உட்கார்ந்து வாடிக்கையாளரைச் சுற்றி உருண்டு உருண்டு வெட்டினார். மூன்றாவது சுற்றில் ஸ்டூல் ஒரு பக்கம் போயிற்று, இவர் ஒரு பக்கம் போனார். நல்லவேளை, வாடிக்கையாளரின் காதுகள் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தன.

ஒரே ஒரு வழி இருந்தது. முடி அலங்காரப் பயிற்சி நிலையத்தில் ஆசிரியர் வேலை காலியாக இருந்தது. அங்கே ஆசிரியருக்குச் சுழல் நாற்காலி உண்டு. அதில் சாய்ந்துகொண்டு, ஒரு குச்சியை நீட்டி, "அந்தக் காதுக்கு மேல இன்னும் கொஞ்சம்" என்று சொன்னால் போதும், சம்பளம் வரும். நிலையத்தின் மேலாளர் சலூன்காரரின் கைவேலையைப் பார்த்து அசந்துபோய், "வேலை உங்களுக்குத்தான். ஆறு மாசம் வரைக்கும் இடத்தை வச்சிருக்கேன். டிகிரி சர்டிபிகேட்ட மட்டும் கொண்டு வந்துடுங்க" என்றார்.

அங்கேதான் இடித்தது. சலூன்காரர் கல்லூரியில் எல்லாப் பாடத்திலும் தேறியவர், கணக்கைத் தவிர. அதை ஆறு முறை எழுதி ஆறு முறையும் மண்ணைக் கவ்வியிருந்தார்.

கல்லூரிக்கு எழுதிக் கேட்டதில் பதில் வந்தது. பழைய மாணவர்களுக்கு இதுவே கடைசி வாய்ப்பு. ஒரு பருவம் கணக்கு வகுப்பில் படித்துவிட்டுப் பரீட்சை எழுதலாம். வகுப்புக்கு நேரிலும் வரலாம், ஆன்லைனிலும் படிக்கலாம். இரண்டிலும் முன்னோட்டமாக ஒரு வகுப்பு இலவசம். எது வேண்டும் என்று சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் சொல்லிவிட வேண்டும், அப்புறம் மாற்ற முடியாது.

சலூனில் ஒரு விஷயத்தை வாய்விட்டுச் சொன்னால் அது ஊர்ச்சொத்து. பக்கத்துக் கட்டிடத்து டயர்க்கடைக்காரர் முதல் தீர்ப்பைச் சொன்னார்.

"ஆன்லைன் எடுத்துக்க தம்பி. மேல நல்ல சட்டை போட்டா போதும். கீழ என்ன கட்டியிருக்கேன்னு எவன் பார்க்கப் போறான்?"

வீட்டில் மனைவி நேர்மாறாகச் சொன்னாள். அவள் மருந்துக்கடையில் வேலை செய்பவள். எதைச் சொன்னாலும் காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்பது மாதிரி தீர்மானமாகச் சொல்வாள். "நேர்ல போங்க. வீட்ல உக்காந்து படிச்சீங்கன்னா அஞ்சாவது நிமிஷம் குறட்டை கேக்கும். நான் பதினெட்டு வருஷமா கேக்கறேன்."

சலூன்காரர் இருதலைக் கொள்ளி எறும்பானார். எதை எடுத்தாலும் இது ஏழாவது முறை. எட்டாவது என்று ஒன்று கிடையாது.

செவ்வாய்க்கிழமை நேர் வகுப்புக்குப் போனார். காலை நீட்ட இடம் வேண்டும் என்று கடைசி வரிசையில் உட்கார்ந்தார். அதுதான் அவர் செய்த முதல் தப்பு. கடைசி வரிசையிலிருந்து பார்த்தால் கரும்பலகைக்கு முன்னால் தெரிவது முப்பத்து நாலு பின்னந்தலைகள். முதல் வரிசையில் ஒரு தலை, இடப்பக்கத்தை ஒரு கடையிலும் வலப்பக்கத்தை இன்னொரு கடையிலும் வெட்டிக்கொண்டது போல இருந்தது. மூன்றாவது வரிசைத் தலையில் கழுத்துக்கோடு மலையேறி இறங்கியது. எவனோ படுபாவி மிஷினை வைத்துவிட்டுப் போன் பேசியிருக்கிறான். சலூன்காரருக்கு வயிறு எரிந்தது. டீச்சர், சின்ன வயசுப் பெண், நன்றாகத்தான் நடத்திக்கொண்டிருந்தாள். இவர் காதில் ஒன்றும் ஏறவில்லை.

போதாக்குறைக்கு இவருக்கு நேர் முன்னால் ஒரு பெரிய தலை பலகையை மறைத்துக்கொண்டிருந்தது. சலூன்காரர் யோசிக்கவே இல்லை. இருபத்திரண்டு வருஷப் பழக்கத்தில் இரண்டு விரலை நீட்டி அந்தத் தலையின் உச்சியில் வைத்து மெல்ல அழுத்தி, "கொஞ்சம் குனிங்க சார்" என்றார்.

தலை குனிந்தது. அந்த விரல்களுக்குக் குனியாத தலை உலகத்தில் கிடையாது. இப்போது பலகை பளிச்சென்று தெரிந்தது. ஆனால் விரல்கள் சும்மா இருக்குமா? பின்கழுத்தைத் தடவிப் பார்த்தன.

"இங்க வெட்டி ரொம்ப நாளாச்சு போல?"

"ரெண்டு மாசம் ஆச்சுப்பா" என்றது தலை, அரைத்தூக்கத்தில். அப்புறம் குனிந்த வாக்கிலேயே குறட்டை விட ஆரம்பித்தது.

டீச்சர் பேச்சை நிறுத்தினாள். முப்பத்து மூன்று தலைகள் திரும்பின. டீச்சரின் முகம் வெளுத்துப் போயிருந்தது. ஏனென்றால் தூங்கிக்கொண்டிருந்தவர் கணக்குத் துறையின் தலைவர். புது டீச்சர் எப்படி நடத்துகிறாள் என்று மதிப்பெண் போட வந்து மாணவர்களோடு உட்கார்ந்திருந்தார். திடுக்கென்று விழித்தவர், "பிரமாதம், ரொம்பத் தெளிவு" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு எழுந்தார். வகுப்பு முடிந்ததும் வாசலில் சலூன்காரரை ஓரங்கட்டி, "உங்க கடை எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்தால் முப்பத்து நாலு தலைகளின் குற்றங்குறைகள் வரிசையாக இருந்தன. கணக்கு என்று ஓர் இலக்கம்கூட இல்லை. நேர் வகுப்பு நமக்கு லாயக்கில்லை என்று தெரிந்துபோயிற்று.

வியாழக்கிழமை மூன்று மணிக்கு ஆன்லைன் வகுப்பு. அந்த நேரத்தில் கடைக்கு ஈ காக்கை வராது. கண்ணாடிக்கு முன்னால் பவுடர் டப்பாவில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, வாடிக்கையாளர் நாற்காலியில் ஜம்மென்று உட்கார்ந்தார். அதே டீச்சர்தான். இவரைப் பார்த்ததும் திரையிலேயே கொஞ்சம் பின்னால் நகர்ந்தாள். ஐந்தாவது நிமிஷம் சலூன்காரரின் இமைகள் இறங்கின. மனைவி வாக்குப் பலித்துவிடும் போலிருந்த நேரத்தில் டயர்க்கடைக்காரர் உள்ளே வந்தார்.

"தம்பி, சீக்கிரம் வெட்டிவிடு. லைசென்ஸுக்குப் போட்டோ எடுக்கணும்."

"கிளாஸ் நடக்குதுண்ணே."

"அது பாட்டுக்கு நடக்கட்டும். காது அங்க, கை இங்க. நீ என்ன காதாலயா வெட்டப் போற?"

சலூன்காரர் எழுந்து இடத்தைக் கொடுத்தார். துணியைப் போர்த்தினார், கத்தரி கிசுகிசுக்க ஆரம்பித்தது. போனில் டீச்சர் சொன்னாள்: "ஒரு வளைகோடு. அது மேல ஒரு புள்ளி. அந்தப் புள்ளியில மட்டும் தொட்டுக்கிட்டுப் போற நேர்கோடுதான் தொடுகோடு. புள்ளி நகர நகர அதோட சாய்வும் மாறும்."

சலூன்காரரின் கை நின்றது. டயர்க்கடைக்காரர் தலையின் பின்பக்கத்தில் சீப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. தலை வளைந்திருந்தது. சீப்பு நேராக இருந்தது. தொட்டது ஒரே ஓர் இடத்தில். சீப்பைக் கொஞ்சம் மேலே நகர்த்தினார், சாய்வு குறைந்தது. இன்னும் மேலே, இன்னும் குறைந்தது.

"அட!" என்றார்.

"என்னாச்சு? காயமா?" என்று பதறினார் டயர்க்கடைக்காரர்.

"வளைவோட உச்சியில சாய்வு எவ்வளவு? யாராவது சொல்லுங்க" என்றாள் டீச்சர். திரையில் முப்பது கட்டங்களும் ஊமையாக இருந்தன. சலூன்காரர் சீப்பின் காம்பால் மைக்கைத் தட்டித் திறந்தார்.

"பூஜ்யம் டீச்சர்!"

"எப்படிச் சொல்றீங்க?"

"உச்சந்தலையில வச்சா சீப்பு அப்படியே படுத்துக்குது டீச்சர். பக்கவாட்டுல இறக்கினா சரியுது. காதுகிட்ட வந்தா செங்குத்தா நின்னுடுது."

டீச்சர் திரைக்குக் கிட்டே நகர்ந்து வந்தாள். பிறகு, "அந்தத் தலையைக் கேமராவுக்கு நல்லாக் காட்டுங்க" என்றாள். மிச்ச வகுப்பு முழுக்க டயர்க்கடைக்காரரின் தலை மீதே நடந்தது. அவருக்குப் பெருமை தாங்கவில்லை. "சொட்டைய மட்டும் காட்டாதே" என்று கிசுகிசுத்துவிட்டு, "டீச்சர், சாய்வு ஜாஸ்தியா இருக்கறது ஒடம்புக்கு நல்லதா கெட்டதா?" என்று கேட்டார். பாதி வெட்டிய தலையோடு போட்டோவுக்குப் போன விஷயம் அவருக்கு மறுநாள்தான் தெரிந்தது.

சலூன்காரருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஆனால் கால் புரிந்தது. ஒரு மணி நேரம் அசையாமல் நின்றதில் கெண்டைக்கால் இரண்டும் விண் விண் என்று தெறித்தன.

வெள்ளிக்கிழமை சோதித்துப் பார்த்தார். வீட்டு மேஜை முன்னால் உட்கார்ந்து அதே கணக்கைப் போட்டால் மூளை கதவைச் சாத்திக்கொண்டது. கடையில் நின்று, கையில் சீப்பும் முன்னால் ஒரு தலையுமாக யோசித்தால் விடை தானாக வந்தது. ஆக, நின்றால்தான் கணக்கு வருகிறது. கணக்கே உட்கார்வதற்காகத்தான்! கண்ணை விற்றுச் சித்திரம் வாங்குவார்கள் என்பார்கள். இவர் காலை விற்றுக் கணக்கு வாங்க வேண்டியதாயிற்று.

சனிக்கிழமை நான்கு மணிக்கு மனைவி வேலையிலிருந்து வந்தபோது, சோபாவில் காலைத் தலையணை மேல் தூக்கிப் போட்டுக்கொண்டு, நெஞ்சின் மேல் போனை வைத்துக்கொண்டு கிடந்தார்.

"வேண்டாம்னு எழுதிடலாம்னு இருக்கேன்."

"ஏங்க? நல்லா வந்துச்சுன்னு குதிச்சீங்களே?"

விஷயத்தைச் சொன்னார். அவள் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் அவர் சிரிக்கவில்லை.

"எனக்குப் பயமா இருக்கும்மா. காலு போச்சுன்னா ஆபரேஷன் பண்ணிக்கலாம். ஏழாவது தடவையும் போச்சுன்னா நான் முட்டாள்னு முடிவாயிடும். அதுக்கு எந்த ஆஸ்பத்திரிக்குப் போறது?"

அவள் வாயிலிருந்து கையை எடுத்தாள். கொண்டையை அவிழ்த்துவிட்டு, சோபாவுக்குக் கீழே தரையில் அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"சீப்ப எடுங்க."

"எதுக்கு?"

"ஏன், இது தலையாத் தெரியலயா? எந்திரிக்க வேணாம். உக்காந்தபடியே வாருங்க. கத்தரியத் தொட்டீங்கன்னா நடக்கறதே வேற. கல்யாணமான புதுசுல ரெண்டு விரக்கடை போதும்னு சொன்னேன், ஒரு சாண் வெட்டினீங்க."

சலூன்காரர் எழுந்து உட்கார்ந்து, கால்களை ஸ்டூல் மேல் நீட்டிக்கொண்டு, சீப்பை எடுத்தார். பதினெட்டு வருஷத்துக்கு அப்புறம் அந்தக் கூந்தல் கைக்கு வந்திருந்தது. மனைவி கல்லூரி அனுப்பிய மாதிரி வினாத்தாளை விரித்து வைத்துக்கொண்டு வாசித்தாள்.

"நாலு எக்ஸ் மைனஸ் எக்ஸ் ஸ்கொயர். இந்த வளைவோட உச்சி எக்ஸ் எவ்வளவா இருக்கும்போது வரும்?"

சீப்பு மெல்ல இறங்கியது. சூத்திரங்கள் அவருக்குத் தெரியாதவை அல்ல, ஆறு முறை மனப்பாடம் செய்தவைதான். எதற்கு என்றுதான் தெரியாமல் இருந்தது.

"சாய்வு, நாலு மைனஸ் ரெண்டு எக்ஸ். உச்சியில சாய்வு பூஜ்யம். அப்ப எக்ஸ்..." சீப்பு நின்றது. "ரெண்டு."

அவள் தாளைப் புரட்டி விடையைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் திரும்பி அவரைப் பார்த்தாள். "ரெண்டுதாங்க!" என்று கத்தினாள்.

இன்னும் மூன்று கணக்குப் போட்டார்கள். மூன்றும் சரி. ஐந்து மணிக்குப் பத்து நிமிஷம் இருந்தது. அவர் போனை எடுத்து 'ஆன்லைன்' என்ற இடத்துக்கு விரலைக் கொண்டுபோனவர், பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"பரீட்சைய நேர்லதான் எழுதணும். அங்க நீ வந்து எனக்கு முன்னாடி உக்கார முடியாதே? யார் தலையப் புடிக்கறது?"

அவள் தரையில் உட்கார்ந்தபடியே திரும்பினாள். அவர் கையிலிருந்த சீப்பைப் பிடுங்கி, எக்கி, அவருடைய உச்சந்தலையிலேயே வைத்தாள்.

"இது யாருதுங்க?"

எத்தனை ஆயிரம் தலைகள் இந்தக் கைக்குக் கீழே வந்து போயிருக்கும்! இதை ஒரு தலை என்று அவர் கணக்கில் சேர்த்ததே இல்லை. கையை உயர்த்திச் சீப்பைப் பிடித்தார். காதுப் பக்கம் மெல்ல இறக்கினார்; சரிந்தது. மறுபடி மேலே ஏற்றினார், படுத்துக்கொண்டது.

"உச்சியில பூஜ்யம்" என்றார்.

"சாய்வத்தானே சொல்றீங்க? உள்ள இருக்கறத இல்லியே?" என்றாள் அவள்.

அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஒரு கை சீப்பைத் தலையில் பிடித்திருக்க, இன்னொரு கையால், ஐந்து மணிக்கு ஏழு நிமிஷம் இருக்கும்போது, 'ஆன்லைன்' என்பதை அழுத்தினார்.