ஜெயசீலி சிஸ்டரின் இரண்டாம் சனிக்கிழமை

ஜெயசீலி சிஸ்டர் இறந்த செய்தி எனக்கு மருத்துவமனையிலிருந்து வரவில்லை. பேர்ணாம்பட்டு நஸ்ரீன், பதினாறு வயதுப் பெண், நான் வேலை செய்யும் ஷூ கம்பெனிக்கே போன் செய்தாள். "அங்கிள், சிஸ்டர் போய்ட்டாங்க. காலைல வீட்லயே ஹார்ட் அட்டாக்காம்." பிறகு அழுதாள். அழுது முடித்து மூக்கை உறிஞ்சியபடி கேட்டாள்: "அப்போ ரெண்டாவது சனிக்கிழமை இன்னா ஆவும்?"

இறந்தவரைப் புகழ வேண்டியவர்கள் புகழ்ந்துவிட்டார்கள். நான் நஸ்ரீனின் கேள்விக்காக எழுதுகிறேன்.

சிஸ்டரை அறிந்தவர்களுக்கு அந்த அறையும் தெரியும். ஆம்பூரில் ஒரு மருத்துவமனையின் பின்கட்டில், மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை, சிறு வயதிலேயே சர்க்கரை நோய் வந்த பிள்ளைகள் பதினைந்து பேர் வட்டமாக உட்காருவார்கள். டாக்டர் தனித்தனியாக ஐந்து நிமிடம் பார்த்து அனுப்பமாட்டார். அவரும் அதே வட்டத்தில் உட்கார்ந்து, ஒருவருக்குச் சொல்வதை எல்லோரும் கேட்கும்படி சொல்வார். ஊசியும் எல்லோர் முன்னிலையில்தான். பெற்றோருக்கு உள்ளே இடமில்லை. ஜன்னலுக்கு வெளியே பெஞ்சு. இந்த ஏற்பாடு முழுவதும் நர்ஸ் ஜெயசீலியுடையது. என் மகள் கார்த்திகா பதின்மூன்று வயதில் அங்கே சேர்ந்தாள்.

வட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. தினமும் ரத்தத்தில் பார்த்த சர்க்கரை அளவைப் பிள்ளைகள் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வர வேண்டும். வந்ததும் நோட்டுகளை மாற்றிக்கொண்டு, ஒருவர் நோட்டை இன்னொருவர் உரக்கப் படிப்பார்கள். கார்த்திகாவின் நோட்டை நஸ்ரீன் படித்தாள். நூற்றுப்பத்து, நூற்றுப்பதினைந்து, நூற்றுப்பத்து. அறையே சிரித்தது.

"இது சுகர் நோட்டா, பஸ் நம்பரா?" என்றாள் நஸ்ரீன். சிஸ்டர் நோட்டை வாங்கிப் பார்த்தார். ஒரே பேனா, ஒரே சாய்வு, முப்பது நாளும். ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துச் சொன்னார்: "சார், உங்க கையெழுத்து ரொம்ப அழகா இருக்கு. சுகர் யாருக்கு, உங்களுக்கா?"

ஆமாம், நான்தான் எழுதினேன். நோட்டில் முன்னூறு என்று இருந்தால் நாளை யாராவது பார்ப்பார்கள், சொந்தத்தில் பரவும், பெண்ணை யார் கட்டுவார்கள் என்ற பயம். சிஸ்டர் அதோடு விடவில்லை. பிள்ளைகள் பக்கம் திரும்பி, "முன்னூத்தி நாப்பதுன்னா முன்னூத்தி நாப்பதுன்னு எழுதுங்க. நம்பரைப் பாத்து கோவப்பட இங்க எவனுக்கும் உரிமை கிடையாது" என்றார்.

அடுத்த மாதம் அவர் ஒரு பெரிய தேக்சாப் பாத்திரம் நிறையப் பிரியாணி வரவழைத்தார். இந்த ஊரில் கல்யாணமென்றாலும் பெருநாளென்றாலும் பிரியாணிதான். பிள்ளைகள் திருட்டுத்தனமாகத் தின்பார்கள், அதற்கு ஊசி போடமாட்டார்கள். சிஸ்டர் அளந்து வைத்து, எத்தனை கரண்டிக்கு எவ்வளவு இன்சுலின் என்று அவரவரையே டாக்டர் முன்னால் சொல்லவைத்து, ஊசி போட்டுச் சாப்பிடவைத்தார். இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம் பார்த்தார்கள். "ஒளிஞ்சி துன்றதுக்கு ஊசி கிடையாது. எதிர்ல துன்னா கணக்கு இருக்கு" என்றார்.

எனக்கு வேண்டிய சாக்கு கிடைத்தது. நான் ஆங்கிலத்தில் எம்.ஏ.; வெளிநாட்டு வாங்குபவர்களுக்குக் கம்பெனிக்காக இருபது வருடமாகக் கடிதம் எழுதுகிறவன். மேனேஜர் பதவி மட்டும் என்னைவிடக் குறைவாகப் படித்தவனுக்குப் போனது. அந்தத் திறமை முழுவதையும் கொட்டி மருத்துவமனைக் கண்காணிப்பாளருக்கு ஒரு புகார் எழுதினேன். சர்க்கரை நோயாளிகளுக்குப் பிரியாணி போடுகிறார்கள், பிள்ளைகளின் தன்மானம் வட்டம் போட்டு ஏலம் விடப்படுகிறது என்று. மறுநாளே வட்டத்தை நிறுத்தினார்கள்.

இரண்டு மாதம் கழித்துத் திமிரியில் என் தங்கை வீட்டுக் கல்யாணம். மூன்று நாள். சொந்தக்காரர்கள் யார் கண்ணிலும் ஊசி படக்கூடாது என்று நான்தான் சொன்னேன். கார்த்திகாவுக்கு அதைப் போட்டுக்கொள்ளத் தனி இடமே கிடைக்கவில்லை. யோசனை கேட்க ஆளும் இல்லை. வட்டம் இருந்திருந்தால் நஸ்ரீனுக்காவது ஒரு போன் செய்திருப்பாள். முதல் நாள் ஒன்றிரண்டு ஊசி போட்டாள், பிறகு அதுவும் இல்லை. மூன்றாம் நாள் தாலி கட்டும் நேரத்தில் வாந்தி, மூச்சிரைப்பு. ஆம்பூர் வந்து சேரும்போது கூப்பிட்டால் பதில் இல்லை.

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் சிஸ்டர் வந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டியிருப்பேன். "உங்க லெட்டரை எனக்கும் காமிச்சாங்க சார். நல்லா இருந்துச்சு. ஒரு தப்பு இல்ல" என்றார். பிறகு, "புள்ள கண்ணு முழிச்சதும் அதே கையால இன்னொண்ணு எழுதுங்க."

எழுதினேன். கார்த்திகாவின் நோட்டில் பொய் எழுதியது யார், திமிரியில் ஊசியை மறைக்கச் சொன்னது யார் என்றும் எழுதினேன். பதினான்கு வீடுகளுக்கு நடந்து கையெழுத்து வாங்கினேன். முதல் கடிதத்துக்கு ஒரே நாளில் வந்த பலன், இரண்டாவதற்கு வர ஆறு வாரம் ஆனது. வட்டம் திறந்த அன்று சிஸ்டர் பிள்ளைகள் எல்லோர் முன்னாலும், "வாங்க லெட்டர் சார்" என்றார். அன்று முதல் எனக்கு அங்கே அதுதான் பெயர். போன மாதம் வரை அதற்காக அவர்மேல் எனக்குக் கோபம் இருந்தது. இன்றும் முழுவதும் போகவில்லை. அவர் ஒரு நாளும் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அதில் நாங்கள் சமம்.

இரங்கல் கூட்டத்தில் கண்காணிப்பாளர் பேசினார். தாயன்பு, தியாகம், ஒளிவிளக்கு. வட்டத்தை மூன்று முறை மூடப் பார்த்தவர் அவர். கடைசியில், இனி பிள்ளைகள் தனித்தனியாக நேரம் வாங்கிக்கொண்டு வரலாம் என்றார். "பிள்ளைகளின் தன்மானத்தை வட்டம் போட்டு ஏலம் விட முடியாது அல்லவா?"

என் வாக்கியம். ஃபைலிலிருந்து எடுத்திருக்கிறார். அதை எழுதியவன் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருப்பது அவருக்கு நினைவில்லை. கார்த்திகாவுக்குத் தெரியும். என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு எழுந்து, டீயும் பிஸ்கட்டும் கொடுத்துக்கொண்டிருந்த மேசைக்குப் போய், எல்லோர் எதிரிலும் விரலைக் குத்தி ரத்தம் பார்த்து, "இருநூத்தி பன்னெண்டு" என்று உரக்கச் சொல்லி, ஊசியைப் போட்டுக்கொண்டாள். "இங்க நூத்தி எம்பது" என்றது நஸ்ரீனின் குரல். பின்னாலிருந்து ஒவ்வொரு நம்பராக வந்தது. கண்காணிப்பாளர் கடிகாரத்தைப் பார்த்தார்.

அன்று மாலையே மூன்றாவது கடிதத்தைக் கொடுத்துவிட்டேன். நான்கே வரி. என் முதல் கடிதத்தைத் திரும்பப் பெறுகிறேன்; அதிலிருந்து ஒரு வாக்கியத்தைக்கூட எவரும் இனிப் பயன்படுத்தக் கூடாது; இரண்டாம் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வருகிறோம்; அறை பூட்டியிருந்தால் வராந்தாவில் உட்காருவோம். டாக்டரிடம் கேட்டேன். "அன்னிக்கு எனக்கு லீவு சார். லீவுல நான் எங்க உக்காரணும்னு யாரும் சொல்ல முடியாது" என்றார். பிரியாணி நஸ்ரீன் வீட்டிலிருந்து வருகிறது. கார்த்திகாவின் நோட்டில் இந்த மாதம் இரண்டு முன்னூறு இருக்கிறது. அவள் கையெழுத்து, கோணலாக.

பெற்றோர்களே, நீங்களும் வாருங்கள். பெஞ்சு நமக்குத்தான். சிஸ்டரிடமிருந்து எனக்கு வேறொன்றும் மிச்சமில்லை. அவர் வைத்த பெயர் இருக்கிறது. பிடிக்காத பெயர்தான். மூன்றாவது கடிதத்தில் அதைத்தான் கையெழுத்தாகப் போட்டேன். இதிலும் அதையே போடுகிறேன்.

லெட்டர் சார்