காட்டாத சீட்டு

ஒரகடத்தில் கார் சீட் தைக்கும் இசக்கிதுரையை மூணு சீட்டு ஆட்டத்தில் ஜெயிக்க தொழிலாளர் விடுதியில் ஆளில்லை. வள்ளியூர்க்காரன். முகத்தில் எதுவும் தெரியாது. "எதிராளி எந்திரிச்சுப் போன பொறவும் நம்ம சீட்டக் காட்டக்கூடாதுல," என்பான் அறைத்தோழன் மாரிமுத்துவிடம்.

கம்பெனியில் ரகசியமாகச் சங்கம் சேர்ந்தது. பெயர் வெளியே தெரிந்தால் வேலை போய்விடும். இசக்கிதுரைதான் முதல் ஆள். மாரிமுத்துவும் சேர்ந்திருந்தான்; உறுப்பினர் பெயர்கள் அவர்களுக்குள்ளேயே ரகசியம் என்பதால் ஒருவன் சேர்ந்தது மற்றவனுக்குத் தெரியாது.

நிர்வாகம் மோப்பம் பிடித்து மாரிமுத்துவை விசாரணைக்கு அழைத்தது. விசாரணைக்கு முந்தின நாள் அவன் இசக்கிதுரையிடம் கேட்டான்: "ஏலே, நீ சங்கத்துல சேந்திருக்கியா?"

"எனக்கு எதுக்குல அந்தச் சோலி?"

முதலாளிக்கு மறைக்க வேண்டியதைக் கூட்டாளிக்கும் மறைத்தான். தனியாக மாட்டிக்கொண்டோம் என்று பயந்த மாரிமுத்து, மறுநாள் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்குக் கிளம்பினான்.

விஷயம் கேள்விப்பட்டு இசக்கிதுரை சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்கு ஓடினான். "சங்கத்துல மொத ஆளே நாந்தாம்ல."

மாரிமுத்து அவன் முகத்தையே பார்த்தான். "நேத்து சொல்லிருந்தா நின்னுருப்பேன்லா."

ரயில் வந்தது. பையைத் தூக்கிக்கொண்டான்.

"எந்திரிச்சுப் போன பொறவு எதுக்குலே காட்டுத? நீதான காட்டக்கூடாதும்ப."