செங்காந்தளுக்கு ஒரு சொந்தம்

திருத்துறைப்பூண்டி தாண்டி, ஒரு வாய்க்கால் கரையில் குப்புறப் படுத்திருக்கிறேன். புல்லுக்குள் ஒரு பூ. மூக்குத்தியைவிடக் கொஞ்சம் பெரியது, கருஞ்சிவப்பு. இலையும் புல் மாதிரியே இருப்பதால் முகத்தைத் தரையோடு வைத்தால்தான் தெரிகிறது. படத்தில் மட்டும் பார்த்திருந்த இதை நேரில் பார்க்கத்தான் பஸ் மாறி மாறி வந்திருக்கிறேன்.

"சார், உடம்புக்கு முடியலையா? இல்ல, காலையிலேயே போட்டாச்சா?"

ஆடு மேய்க்கும் அம்மா ஒருவர் தலைமாட்டில் நிற்கிறார். எழுந்து உட்கார்ந்து பூவைக் காட்டுகிறேன். எதிர் வேலியில் சிவப்பும் மஞ்சளுமாகப் படர்ந்திருக்கும் செங்காந்தளையும் காட்டி, இரண்டும் ஒரே குடும்பம் என்கிறேன்.

அவர் அதைப் பார்க்கிறார், இதைப் பார்க்கிறார். "அந்தக் கண்வலிப் பூவுக்கு இது சொந்தமா? சாடையே இல்லையே."

"இதழை எண்ணிப் பாருங்க. அங்கயும் ஆறு, இங்கயும் ஆறு."

"எங்க வீட்டுக்காரருக்கும் உங்களுக்கும் கைக்கு அஞ்சு வெரல்தான். அதுக்காக நீங்க எனக்குக் கொழுந்தனாரா?"

அதற்குள் அவருடைய ஆடு ஒன்று பூவை நோக்கி வாயை நீட்டுகிறது. காலையெல்லாம் தேடிக் கிடைத்தது அது ஒன்றுதான். சட்டென்று கையால் மூடுகிறேன்.

"ஆட்டைப் பிடிங்க! செங்காந்தள் மாதிரியே இதுவும் விஷம்!"

அவர் ஆட்டின் காதைப் பிடித்து இழுத்துக்கொள்கிறார். வேலியைப் பார்க்கிறார். குனிந்து, என் கைக்குள் இருப்பதையும் பார்க்கிறார்.

"ரெண்டுமே விஷமா? அதை மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல. அப்ப சொந்தக்காரங்கதான்."